தேன்பெட்டிகளுக்கு நடுவே ஒரு குரல்

"பேயைத் தேனீ கொட்டுமா சார்?"

கேட்டது சுஷ்மிதா. மாசிலாமணி மாமரத்தடியில் குந்தி உட்கார்ந்து, ஒரு தேன்பெட்டியின் மேல்மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணிக்குத் திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்தெருவில், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கிற கேஸ். சுஷ்மிதா அவருடைய உதவியாளர். நகரிக்காரி. டைப் அடிக்க வந்தவள். வாய் சும்மா இருக்காத காரணத்தால் விசாரணைக்கு மாற்றப்பட்டவள்.

இந்த முறை வந்த கேஸ் வேறு மாதிரி. செத்துப்போன ஒருவர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

வடமாலபேட்டையைத் தாண்டி, சென்னை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஆதிகேசவனின் மாந்தோப்பு. அதற்குள் வரிசையாக நின்ற தேன்பெட்டிகள் முனிகிருஷ்ணனுடையவை. மா பூக்கும்போது தோப்புகளிலும், பிறகு தர்பூசணித் தோட்டங்களிலும் காய் பிடிப்பதற்காகப் பெட்டிகளை வைப்பது அவர் தொழில். மார்கழியில் ஒரு சாயங்காலம், மொபெட்டின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு தோப்புக்கு வந்தவர் ரோட்டோரம் கிடந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. அடையாளம் தெரியாத வாகனம் மோதியதாக எழுதிக்கொண்டு போலீஸ் அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

முனிகிருஷ்ணனின் மனைவி நளினி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அழுது முடித்தவள் போலவும் இல்லை, அழப்போகிறவள் போலவும் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா. முதல்ல என்ன நடந்தது?" என்றார் மாசிலாமணி.

"அவரு கட்டிக்கினு வந்த பெட்டிதான் சார் முதல்ல. விழுந்த எடத்துல அதைக் காணோம். யாரோ தூக்கிக்கினு பூட்டாங்கன்னு வுட்டுட்டோம். காரியம் முடிஞ்சு இங்க வந்து பார்த்தா, காலியா இருந்த ஸ்டாண்டு மேல அது வந்து உக்காந்துகினு இருக்குது. அதோ, அந்தக் கடைசிப் பெட்டி."

சுஷ்மிதா அந்தப் பெட்டியை விட்டு இரண்டடி நகர்ந்துகொண்டாள்.

"அப்புறம்?"

"பூ இல்லாத நாளு சார் அது. கவனிக்கலேன்னா ஈயெல்லாம் பசியிலயே செத்துப்பூடும். எனக்குப் பெட்டியைத் தொடவே மனசு வரல. ஆனா யாரோ சர்க்கரைப் பாகு ஊத்தறாங்க. பூச்சி அரிச்ச தேனடையை எடுத்து வெளிய போடறாங்க. அடிப்பலகையைச் சுரண்டி வெக்கறாங்க. பூ வர்றதுக்கு முன்னாடி அவரு என்னென்ன செய்வாரோ, அத்தனையும் நடக்குது."

"குரலும் கேட்குதுன்னு சொன்னீங்க."

நளினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பொழுது சாயறப்போ கேக்கும். அவரு குரல்தான். 'ராணி இருக்குதா பாரு. அவசரப்படாத'ன்னு சொல்லுவாரு. ஒரு இருமல் வரும். அப்புறம் 'மூடியை மெதுவா தூக்கு'ன்னுவாரு."

"எப்பவும் 'அவசரப்படாத'ன்னு சொன்ன பிறகுதான் இருமலா?"

"எப்பவும்."

தோப்பு வேலைக்கு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். ஆதிகேசவன் மருந்தடிக்கக்கூட உள்ளே வருவதில்லை. காற்று இல்லாத பகலில், கிளை முழுக்கப் பூத்து நின்ற மரங்களுக்குக் கீழே, மனிதர் யாரும் இல்லாத இடத்தில் அந்த ரீங்காரம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல, ஆனால் வார்த்தை புரியாதது போல.

"நான் என்ன கண்டுபிடிக்கணும்னு நினைக்கிறீங்க?"

"மா பூத்துடுச்சு சார். பெட்டியெல்லாம் தயாராயிடுச்சு. இப்போ எனக்கு அது யாருன்னு தெரியணும்."

'இப்போ' என்ற சொல்லை மாசிலாமணி மனதில் குறித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் போன் கிடைச்சுதா?"

"இல்ல சார். சுவிட்ச் ஆஃப்னே வருது. புதுசா பெட்டி வெக்கிறவங்களுக்கு அதுலதான் பேசிப் பேசி அனுப்புவாரு, இப்படிச் செய்யி, அப்படிச் செய்யின்னு."

மாசிலாமணி சுஷ்மிதாவைப் பார்த்தார். "நெஞ்சுச்சளி இருக்கிறவன் எங்க வேணும்னாலும் இருமுவான். ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தைக்கு அப்புறம் இருமினா?"

"ரெக்கார்டிங்," என்றாள் சுஷ்மிதா. "அப்போ பேய் கையில போன் இருக்குது. சார்ஜர் எங்க வாங்கிச்சாம்?"

"பெட்டியைத் திறக்கலாமா அம்மா?"

நளினி தேங்காய் நாரைப் பற்றவைத்துப் புகை காட்டி, ஒரு மூடியைத் தூக்கினாள். உள்ளே தேனீக்கள் தேனடைச் சட்டங்களை மூடிக்கொண்டு நெளிந்தன. நடுவே ஒரு கண்ணாடி பாட்டில் தலைகீழாக நின்றது. மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். அதன் வழியே பாகு சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பெட்டியிலும் அதே மாதிரி பாட்டில். அதற்கடுத்ததிலும்.

"இது மலை மேல விக்கிற தண்ணி பாட்டில் சார்," என்றாள் சுஷ்மிதா. "மேல பிளாஸ்டிக் விடமாட்டாங்க இல்ல? பேய் அடிக்கடி திருமலைக்குப் போய்ட்டு வருது. நமக்குத்தான் தரிசனம் கிடைக்கமாட்டேங்குது."

வரிசையின் மறுகோடியில் ஒரு பெட்டி மேல் இன்னொரு பெட்டி ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே செய்தித்தாளின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"பலம் கம்மியான கூட்டத்தைப் பெரிய கூட்டத்தோட சேர்க்கறது," நளினி சொன்னாள். "நேரா சேர்த்தா ஒண்ணை ஒண்ணு கொன்னுடும். நடுவுல பேப்பர் வெச்சுட்டா, கடிச்சு ஓட்டை போடறதுக்குள்ள ஒண்ணோட வாசனை ஒண்ணுக்குப் பழகிடும்."

"நல்ல ஐடியா. எங்க மாமியார் வீட்டுக்குப் போறப்போ எனக்கும் நடுவுல ஒரு பேப்பர் வெச்சிருக்கலாம்," என்றாள் சுஷ்மிதா.

மாசிலாமணி ஈக்கள் கடித்துத் துப்பியிருந்த காகிதத்தை மெல்ல இழுத்தார். தமிழ்ப் பேப்பர். மிச்சமிருந்த மூலையில் ஒரு பெட்டிச் செய்தி: நாளைய மின்தடை. பெரம்பூர், வியாசர்பாடி, கொடுங்கையூர்.

"சென்னைப் பதிப்பு. இந்தப் பக்கம் வராது," என்றார். "மேலே திருமலை. கீழே பெரம்பூர். ரெண்டையும் ஒரு கோடு போட்டுச் சேர்."

சுஷ்மிதா மரங்களுக்கு அப்பால் லாரிச் சத்தம் வந்த திசையைப் பார்த்தாள். "இந்த ரோடு. யாத்திரை வேன்! பேய் டிரைவர் வேலை பார்க்குது சார்."

"இப்போ உன் கேள்விக்கு வர்றேன்." மூடி மேல் மடித்து வைத்திருந்த ஒரு பழைய துணியைக் காட்டினார். அதில் தேனீக் கொடுக்குகள் முள் முள்ளாகக் குத்தி நின்றன. "கொட்டியிருக்கு. நிறையவே கொட்டியிருக்கு. இது கைதேர்ந்த ஆள் இல்லை. குரலைக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிற ஆள். அடிக்கடி வீங்கின முகத்தோட வண்டி ஓட்டுறவன் எங்க போவான்?"

"மெடிக்கல் ஷாப்."

போகிற வழியில் மாசிலாமணி பெட்டிகளுக்குப் பக்கத்திலிருந்த தகர ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பாகு காய்ச்சுகிற அடுப்பு. ஒரு சர்க்கரை மூட்டை. மூட்டை வாய்வரை நிறைந்திருந்தது. வெளியே வந்து பைக்கில் ஏறினார்.

டோல்கேட்டுக்கு முன்னாலிருந்த மருந்துக்கடைக்காரர் கேள்வியை முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்.

"அந்த டிரைவரா? வாரத்துல ரெண்டு தடவை வருவாரு. அலர்ஜி மாத்திரை கேப்பாரு. ஒருநாள் ஒரு கண்ணே மூடிப்போச்சு. 'ஏமன்னா, பெள்ளாம் கொட்டிந்தா'ன்னு கேட்டேன். சிரிக்கவே இல்ல."

தெலுங்கில் 'கொட்டு' என்றால் அடி. "பெண்டாட்டி அடிச்சாளான்னு கேட்டிருக்கீங்க," என்றாள் சுஷ்மிதா. "எந்த பாஷையில பார்த்தாலும் அந்த ஆளைக் கொட்டினது நிஜம். இன்னிக்கு வந்தாரா?"

"காலையில மேல ஆளுங்களை ஏத்திக்கினு போறப்போ வாங்கினாரு. வெள்ளை வேன். எறங்கி வர்ற டைம்தான்."

வெளியே வந்ததும் சுஷ்மிதா போனை எடுத்தாள். "சார், முனிகிருஷ்ணன் போன் இவன்கிட்ட இருக்குதுன்னா, அவரு விழுந்தப்போ இவன் அங்க இருந்திருக்கான். இடிச்சவன் இவன்தான். எஸ்ஐக்குப் போடட்டுமா?"

"இரு. காலையில ஸ்டேஷன்ல அந்த மொபெட்டைப் பார்த்தோமே, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"முன் டயர் கிழிஞ்சு தொங்கிச்சு. ஒரு பக்கம் சிராய்ப்பு."

"பின்னால ஒரு நெளிவு இருந்துதா? வேற வண்டியோட பெயிண்ட் இருந்துதா?"

"இல்ல."

"அதான். எதுவும் இடிக்கலையேங்கறதுதான் இடிக்குது."

வெயில் இறங்கியபோது மூவரும் தோப்புக்குள் ஷெட்டின் பின்னால் நின்றார்கள். வெளியே போன ஈக்கள் திரும்பி வந்து பெட்டிகளுக்குள் அடங்கின. ரீங்காரம் குறையக் குறைய, காய்ந்த இலை விழுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. சுஷ்மிதா நளினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கு யார் தைரியம் சொன்னார்கள் என்பது தெரியவில்லை.

குரல் வந்தது.

"ராணி இருக்குதா பாரு. அவசரப்படாத…"

இருமல்.

"மூடியை மெதுவா தூக்கு. அதுங்களுக்கு நம்ம பயம் தெரியும். நிதானமா இரு. பாகு ஊத்தறதைப் பொழுது சாஞ்சப்புறம் ஊத்து. இல்லாட்டி பக்கத்துப் பெட்டி ஈ வந்து திருடும்…"

எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகும் சுஷ்மிதாவுக்கு முதுகு சிலிர்த்தது. நிம்மதியான, அன்பான குரல். நாளைக்கும் இருக்கப்போகிறவனின் குரல். மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் குனிந்து நடந்து வந்தான். காக்கிச் சட்டை. தலையைச் சுற்றித் துண்டு. சட்டைப் பையில் வெளிச்சமாக ஒரு போன்.

அப்போது அந்தப் பையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "காபி ஆறிப்போவுது. பேசினது போதும், வா."

சுஷ்மிதா திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் நின்ற நளினியின் உதடுகள் மூடியிருந்தன. பேசியது நளினியின் குரல்.

நளினி கையை விடுவித்துக்கொண்டு நேராக நடந்தாள்.

"அதை நிறுத்து," என்றாள்.

அவன் அப்படியே நின்றான். கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்து உருண்டது. மாசிலாமணி மறுபக்கமாக வந்து வழியை மறித்தார்.

"ஓடாதீங்க."

"ஓட மாட்டேன் சார்," என்றான் அவன். ஐம்பது வயதிருக்கும். இடது கன்னம் வீங்கியிருந்தது. பெயர் செங்கல்வராயன், ஊர் வியாசர்பாடி என்று கேட்காமலே சொன்னான். போனை எடுத்து நளினியிடம் நீட்டினான். அவள் வாங்கி, திரையைப் பார்க்காமல் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்றார் மாசிலாமணி, "பேய் எங்கேயாவது சர்க்கரை வாங்குமா? இத்தனை நாள் பாகு ஊத்தியும் ஷெட்டுல மூட்டை வாய்வரைக்கும் நிறைஞ்சிருக்கு. நிரப்பினது நீங்க. உங்களுக்கு முதல்லயே தெரியும்."

"முதல் நாளே தெரியும் சார். அவரு பேசினப்போ உயிரே போயிடுச்சு. ஆனா பின்னாடியே என் குரலும் வந்துச்சே. நான்தான் உயிரோட இருக்கேனே."

"ஊர்ல பேய்ன்னு கிளப்பினது?"

"நான்தான். ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சா அடிச்சு விரட்டிடுவாங்க. அப்புறம் இந்த ஈயெல்லாம் யாரு பார்க்கறது? அவரு கை பட்ட பெட்டியைத் தொட அப்போ எனக்குத் தெம்பு இல்ல சார். பூ வரட்டும், அதுவரைக்கும் செய்யட்டும்னு இருந்தேன்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா," என்றாள் சுஷ்மிதா.

"எனக்கு மட்டும்தான் அந்தக் குரல் கேக்குதோன்னு ஒரு பயம் இருந்துச்சும்மா. நான் சொல்லாமலே நீங்களும் அது போன்தான்னு கண்டுபிடிக்கறீங்களான்னு பார்க்கணும்னு இருந்துச்சு." அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "ஏன்யா அவரை இடிச்சே?"

"இடிக்கலம்மா. சத்தியமா இடிக்கல." செங்கல்வராயன் துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டான். "எனக்கு முன்னாலதான் போய்க்கினு இருந்தாரு. டயர் வெடிச்சுது. ஹேண்டில்பாரு வயித்துல குத்தி உருண்டு வுழுந்தாரு. வண்டிய நிறுத்திட்டு ஓடினேன். நல்லாத்தான் பேசினாரு. தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. 'பெட்டி கவுந்துபோச்சு, அதை நிமித்தி வையி, இல்லாட்டி அதுங்க நசுங்கிச் செத்துடும்'னாரு. நிமித்தித் தூக்கிப் போய்ப் புளியமரத்தடியில வெச்சேன். அப்பதான் மொத மொத கொட்டுச்சு. போனைக் குடுத்து, 'வீட்டுக்குப் போட்டுச் சொல்லு'ன்னாரு."

"போட்டியா?" என்றாள் நளினி.

அவன் வேன் நின்ற பக்கம் கையைக் காட்டினான்.

"வண்டில இருந்தவங்க கத்த ஆரம்பிச்சுட்டாங்கம்மா. தரிசன டிக்கெட்டுல டைம் போட்டிருக்குது, தவறினா திரும்பக் கிடைக்காது, அந்த ஆளு நல்லாத்தானே பேசறான், யாராவது பார்த்துப்பாங்கன்னாங்க. உக்காந்த எடத்துலருந்து ஹாரனை அடிக்கறாங்க. அவரும், 'நீ போப்பா, சாமி பார்க்கப் போறவங்க'ன்னாரு. போயிட்டேன். போன் பையிலயே தங்கிப்போச்சு. மலையடிவாரத்துல அலிபிரி செக்கிங்லதான் கையில தட்டுப்பட்டுச்சு."

"அங்கேருந்து ஆம்புலன்ஸுக்காவது சொல்லியிருக்கலாமே!" சுஷ்மிதாவின் குரல் உயர்ந்தது.

"போனோட வந்துட்டேனே, திருடன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம், சிம்மைக் கழட்டிட்டேன். விடியறப்போ எறங்கி வந்து பார்த்தேன். அவரு இல்ல. பெட்டி மட்டும் இருந்துது. அது மேல தோப்புப் பேரு எழுதியிருந்துது. கொண்டாந்து வெச்சுட்டு ஓடிடலாம்னுதான் வந்தேன். ஆனா போனைத் திறந்தா அவரு குரல்தான் சார். இந்த நாளுல பட்டினி போட்டா பூ வர்றதுக்குள்ள பெட்டி காலியாயிடும்னு சொல்லிக்கினே இருக்காரு. கேட்டுட்டு எப்படி சார் அப்படியே போறது?"

"இத்தினியும் செஞ்சே," என்றாள் நளினி. "ஒரு போன் பண்ணல."

போனை முந்தானையில் முடிந்துகொண்டாள். "வயித்துக்குள்ள ரத்தம் கட்டிச்சாம். இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பார்த்திருக்கலாம்னு பெரியாஸ்பத்திரியில டாக்டரம்மா சொன்னாங்க. உன் வண்டியில எடம் இருந்துச்சா?"

"கடைசி சீட்டு காலிம்மா. பேகு வெச்சிருந்தாங்க."

"வண்டிச் சாவியை எடு."

மாசிலாமணி குறுக்கே வந்தார். "அம்மா, நாளைக்குக் காலையில இவரை ஸ்டேஷனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"போங்க சார். யாரும் இடிக்கலேன்னு எழுதிக் குடுக்கட்டும். இத்தினி நாளு ரோட்டுல போற ஒவ்வொரு லாரியையும் இதுவா இருக்குமோன்னு பார்த்துக்கினு நின்னேன். அது முடிஞ்சுது. இப்போ எனக்கு வேற ஒண்ணு தெரியணும்."

யாத்திரைக்காரர்களைத் திருப்பதியில் இறக்கிவிட்டு வந்த காலி வேன் ரோட்டோரம் நின்றது. நளினி ஏறி, சீட்டுகளைத் தாண்டிப் போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். மாசிலாமணி முன்னால் ஏறினார். சுஷ்மிதா நடுவில். வேனுக்குள் சந்தனமும் மொட்டையடித்த தலைகளும் கலந்த வாசனை அடித்தது.

"அன்னிக்கு அவரை ஏத்தியிருந்தா எங்க போயிருப்பியோ, அங்க போ," என்றாள்.

ஒரு புளியமரத்துக்கு அருகே செங்கல்வராயன் வேகத்தைக் குறைத்தான். "இங்கதாம்மா."

"நிக்காத. அன்னிக்கு நின்னும் நீ ஏத்தலையே. போ."

டோல்கேட் கடந்தது. செங்கல் சூளைகள், கல்யாண மண்டபங்கள், ஒரு பெட்ரோல் பங்க் கடந்தன. தூரத்தில் மலைப்பாதை விளக்குகள் கோடாக ஏறிப் போயின. சுஷ்மிதா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நளினி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தக் கையை அழுத்திக்கொண்டாள், அங்கே படுத்திருக்கிற ஒருவர் உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்வது போல.

திருப்பதிக்குள் நுழைந்து, இரண்டு சிக்னல் தாண்டி, பெரியாஸ்பத்திரியின் அவசர சிகிச்சை வாசலில் செங்கல்வராயன் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான்.

நளினி வெளியே எரிந்த சிவப்பு எழுத்துகளைப் பார்த்தாள்.

"வந்துடுச்சா?" என்றாள். "இவ்ளோ கிட்டவா இருந்துச்சு?"

மாசிலாமணி முன் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தார்.

வேன் வந்து நின்றதைக் கண்டு உள்ளேயிருந்து ஒரு வார்டுபாய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான். பக்கவாட்டுக் கதவை இழுத்துத் திறந்தான். ஒவ்வொரு சீட்டாகத் தேடினான்.

"பேஷன்ட் எக்கட? எங்க பேஷன்ட்?"

செங்கல்வராயன் ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்தான். கடைசி சீட்டிலிருந்து பதில் வந்தது.

"கொண்டாரலப்பா."